கணினியின் பக்கம் உட்கார்ந்தவள்

என் கணவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நாட்டின் செஸ் ஆட்டக்காரர்களில் முதல் வரிசைக்காரர். அவர் வாங்கிய கோப்பைகள் எங்கள் வரவேற்பறையில் இரண்டு அலமாரிகளை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வாங்கியது அவர், துடைப்பது நான். இந்த வேலைப் பிரிவினை கல்யாணமான வருடமே முடிவாகிவிட்டது.

அவருடைய பெருமை எல்லாம் முகம் படிப்பதில்தான். பத்திரிகையில் வாராவாரம் அவர் எழுதும் பத்தியில் இதைச் சொல்லாத வாரம் கிடையாது: பலகையில் நடப்பது பாதி ஆட்டம், மீதிப் பாதி எதிராளியின் முகத்தில் நடக்கிறது. எதிரே இருப்பவனின் இமை துடித்தால் அவன் குதிரையைத் தொடப் போகிறானா, ராணியைத் தொடப் போகிறானா என்று சொல்லிவிடுவாராம். நம்புகிறேன். ஒருமுறை நான் பல்வலியில் கன்னம் வீங்கி அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு காபில ஏன் சர்க்கரை கம்மி?" என்று கேட்டார்.

நான் கணினிக் கடையில் வேலை செய்கிறேன். வாங்குகிறவர்களுக்கு அதை இயக்கச் சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு. "கம்ப்யூட்டரைத் திறங்க" என்றால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடை முதலாளி என்னைவிட இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு வேகம் என்றால் பைத்தியம். புதுக் கணினி ஒவ்வொன்றும் வந்து இறங்கும்போது பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் என் கணவருக்குப் போன் செய்வான்.

"மாஸ்டர், இதுல வேகம் ரெட்டிப்பு! இந்தத் தடவை நீங்க தப்பிக்க முடியாது."

"தம்பி, தப்பான வழியில வேகமாப் போனா என்ன ஆகும்? தப்பான ஊருக்குச் சீக்கிரம் போய்ச் சேருவே. அவ்வளவுதான்."

போன வருடம் அவன் கொண்டுவந்த கணினியை என் கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டே தோற்கடித்தார். அது பாவம், சிப்பாய் ஒன்றைத் தின்னும் ஆசையில் ராஜாவை நடுத்தெருவில் விட்டுவிட்டது. அந்த வாரப் பத்தியில் அவர் ஆழம் தெரியாமல் காலை விட்டார். "வீட்டு மேஜைமேல் வைக்கும் கணினி ஒன்றிடம் நான் தோற்றால், அன்றோடு காய்களைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவேன்" என்று எழுதினார். எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "இதெல்லாம் எதுக்குங்க?" என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

இந்த வருடம் வந்த கணினி வேறு ரகம். கடையில் அதைப் பழைய கணினியோடு மோதவிட்டுப் பார்த்தோம். பழையது இரண்டு மூன்று நகர்வுகள் தூரம் பார்த்துவிட்டு மூச்சு வாங்கும். புதியது அதே நேரத்தில் வெகுதூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து நிற்கும். அறிவு என்று சொல்ல மாட்டேன். மளிகைக் கடையில் ஒரு சாமானுக்காக அலமாரியின் எல்லாத் தட்டையும் இழுத்துப் பார்க்கிற ஆளைப்போலத்தான் அதுவும் தேடுகிறது. ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் எல்லாத் தட்டையும் பார்த்துவிட்டால், சாமான் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வியை என் கணவரிடம் கேட்டேன். "உனக்குப் புரியாது" என்றார்.

கடைசியில் செஸ் கிளப் மாடியில் பந்தயம் ஏற்பாடானது. கிளப்பின் செயலாளர் ஒரு பல் டாக்டர். நோயாளிகளிடம் "வாயைத் திறங்க" என்று சொல்லிச் சொல்லியே பழகியதால், எந்தக் கூட்டத்திலும் மற்றவர்களைப் பேசவிட்டுத் தன் வேலையை முடித்துக்கொள்வார். அவர் முன்னால் ஒரு சிக்கல் வந்தது. கணினிக்குக் கை கிடையாது. அது சொல்லும் நகர்வைப் பலகையில் ஆடி, மாஸ்டரின் நகர்வை அதற்குத் தட்டிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். தான் உட்காருவதாக முதலாளி சொன்னான்.

"அவன் வேண்டாம். நடுவுல சொந்த மூளையை நுழைப்பான், கம்ப்யூட்டருக்குத்தான் அவமானம்" என்றார் என் கணவர். பிறகு ஒரு யோசனை சொன்னார். "என் வீட்டுக்காரி உட்காரட்டும். அவளுக்குத்தான் அந்த மெஷின் தெரியும். செஸ்ஸைப் பத்தி ஒண்ணும் தெரியாது. குதிரை எப்படித் தாவும்னு கேளுங்க, ஜன்னலைப் பார்ப்பா."

குதிரை எப்படித் தாவும் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில்கூட நகர்வுகளை உளறுகிற மனுஷனோடு குடும்பம் நடத்தினால் சுவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் இதுவரை என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அவர் உள்நோக்கத்தை வீடு திரும்பும் வழியில் அவரே சொன்னார். அத்தனை சந்தோஷம் அவருக்கு. "மெஷினுக்கு முகம் கிடையாதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? இப்ப முகம் கொடுத்துட்டோம் பாத்தியா. திரையில என்ன தெரியுதோ அது உன் முகத்துல தெரியும். இத்தனை வருஷமாப் படிச்ச முகம்!"

"இது தப்பில்லையா?"

"உன்னைப் பார்க்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்க இருக்கு?"

இப்போது என் கதைக்கு வருகிறேன். முதலாளி வேறோர் ஊரில் கிளை திறக்கிறான். ரயிலில் ஓர் இரவுப் பயணம். அந்தக் கிளையின் முழுப் பொறுப்பையும் நான் ஏற்க வேண்டும் என்கிறான். "நீங்க வந்தா வாங்க அக்கா, இல்லைன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும். பந்தயம் முடிஞ்சதும் ஒரு பதில் சொல்லிடுங்க" என்றான். எனக்குப் போக ஆசை. என் பெயர் போட்ட ஓர் அறை, என் பேச்சைக் கேட்டு நடக்கும் ஐந்தாறு பேர், இதெல்லாம் இனி இந்த வயதில் இன்னொரு முறை கதவைத் தட்டாது. மகள் வெளியூரில் படிக்கிறாள், அவளைப் பற்றிய கவலையும் இல்லை. கணவர்தான் பாக்கி. அவருடைய கிளப், அவருடைய மாணவர்கள், அவருடைய பத்தி எல்லாம் இங்கே. விட்டுவிட்டுப் போகவா, கூட வருவாரா, இதைப் பேசித்தானே ஆக வேண்டும்?

பேசப் பார்த்தேன். ஒருமுறை சாப்பிடும்போது சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்" பக்கத்தில் திறந்து வைத்திருந்த செஸ் புத்தகத்துக்குச் சொன்னது. இன்னொரு முறை அவர் பலகை முன்னால் இருந்தபோது தோளைத் தொட்டுச் சொன்னேன். "அந்த யானையைத் தட்டிவிட்டுடாதே" என்றார். மூன்றாவது முறை அழுகை வந்துவிட்டது. அவருக்கு இல்லை, எனக்கு. ஜலதோஷமா என்று கேட்டார்.

அதனால் பந்தயத்தன்று எனக்குள் ஒரு பைத்தியக்கார ஆசை இருந்தது. இன்று இந்த மனிதர் மணிக்கணக்கில் என் முகத்தைத்தான் பார்க்கப் போகிறார். வேறு வழியில்லை, அதுதான் அவருடைய திட்டமே. பெரிய முகம் படிக்கிறவர் ஆயிற்றே, அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "ஏதாவது சொல்லணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டாரா?

கிளப் மாடியில் அன்று உட்கார இடமில்லை. நடுவில் மேஜை, பலகை, கடிகாரம். என் பக்கம் கணினி, அதன் திரையை எனக்கு மட்டும் தெரியும்படி திருப்பி வைத்திருந்தார்கள். திரையில் கணினி ஆட நினைக்கும் நகர்வும், பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் கணினிக்கு நல்லது, கழித்தல் இருந்தால் மாஸ்டருக்கு நல்லது. பல் டாக்டர் விதிகளை வாசித்தார். ஆட்டத்தைச் சமநிலையில் முடித்துக்கொள்ள ட்ரா கேட்கும் உரிமை மாஸ்டருக்கு உண்டு. கணினிக்கு வாய் இல்லாததால், ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் அதன் பக்கம் உட்கார்ந்தவரின் பொறுப்பு. "தங்கச்சி, ஞாபகம் இருக்கட்டும்" என்றார் என்னைப் பார்த்து. முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து, குழந்தைக்கு மொட்டை போடுவதைப் பார்க்கிற தகப்பன்போல நெளிந்துகொண்டிருந்தான்.

ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் என் கணவர் முகவாயில் கையை ஊன்றி என்னைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட இப்படிப் பார்க்கவில்லை, அன்று என் அப்பாவோடு ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போய்விட்டார். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே பிடித்திருந்தது. நான் திரையை மறந்துவிட்டு ஊரையும் கிளையையும் ரயிலையும் நினைத்துக்கொண்டு அவரைத் திருப்பிப் பார்த்தேன். கேளுங்கள், கேளுங்கள் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் லேசாகப் புன்னகை செய்து, சிப்பாய் ஒன்றை முன்னால் தள்ளினார்.

மதியத்துக்குமேல் ஆட்டம் இறுகியது. அவருடைய ராணி கணினியின் பக்கத்துக்குள் புகுந்து ஒரு சிப்பாயைத் தின்றிருந்தது. கூட்டத்தில் "ஆகா" என்றார்கள். எனக்கு மட்டும் அவருடைய காதுகள் தெரிந்தன. சிக்கலில் மாட்டிக்கொண்டால் அவர் முகம் கல்லாக இருக்கும், காது மட்டும் சிவந்துபோகும். எந்த எதிராளிக்கும் இது தெரியாது. அடுத்தது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு நகர்வை ஆடிவிட்டு, நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "ட்ரா கேட்கிறேன்" என்றார்.

ஜெயிக்கும் நிலையில் இருக்கும்போதுதான் ட்ரா கேட்க வேண்டும், எதிராளி குழம்பிப்போவான் என்று அவர் பத்தியில் எழுதியிருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம். அவர் பயந்துபோயிருந்தார்.

நான் அவருடைய நகர்வைத் தட்டினேன். திரையில் முதலில் ஏதோ சாதாரண நகர்வு வந்தது, எண் பூஜ்யத்தில் நின்றது. பழைய கணினியாக இருந்தால் அதோடு நின்றிருக்கும். இது மேலும் தேடியது. திடீரென்று நகர்வு மாறியது. மூலையில் காலையிலிருந்து சும்மா நின்ற யானையை ஒரே ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னது. கூட்டல் குறி முளைத்து, எண் ஏறியது, இன்னும் ஏறியது. பலகையைப் பார்த்தேன். எனக்கே புரிந்தது. அந்த ஒரு கட்டம்தான் அவருடைய ராணி வெளியேற இருந்த ஒரே வழி. அதை அடைத்துவிட்டால் ராணி எங்கே போனாலும் வெட்டுதான். என் புருவம் தானாக ஏறியது. அவர் கண்கள் அதைக் கவ்விக்கொண்டன.

"என்ன தங்கச்சி, ட்ராவுக்குச் சம்மதமா?" என்றார் பல் டாக்டர்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடியும். மேஜைமேல் வைக்கும் கணினி மாஸ்டரை வென்றது என்று ஊர் ஊராய்ப் பேசுவார்கள். அவர் எழுதிக்கொடுத்தபடி காய்களைப் பெட்டியில் போட்டு மூடுவார். மூடிவிட்டால் அவரை இந்த ஊரில் கட்டிப்போட எதுவும் இல்லை. ரயிலில் இரண்டு டிக்கெட். எல்லாக் கணக்கும் எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிவந்த காதுகளைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, ஆனால் இத்தனை பேர் நடுவே அவர் ராணியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என்னால் முடியாது.

"சம்மதம்" என்றேன்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முதலாளி துள்ளிக் குதித்தான். "சாம்பியனுக்குச் சமமான கம்ப்யூட்டர்" என்று கடை வாசலில் எழுதிப்போட அன்றே ஆளுக்குச் சொல்லியனுப்பினான். பல் டாக்டர், மனித மூளையும் இயந்திர மூளையும் கைகுலுக்கிய நாள் இது என்று பேசினார். எல்லோருக்கும் லாபம். வீட்டுக் கணினி முதல்தர ஆட்டக்காரருக்கு ஈடு கொடுக்குமா என்று வருடக்கணக்காக இவர்கள் அடித்துக்கொண்ட கேள்விக்கு விடை தெரிந்த ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை. மேஜையிலிருந்த கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

நிருபர் என் கணவரைத்தான் கேட்டார். "நல்ல நிலையில் இருக்கும்போது ஏன் சார் ட்ரா கேட்டீங்க?"

"மெஷின் திணறிப்போச்சு. அது என் மனைவி முகத்துலயே தெரிஞ்சுது. புருவம் எல்லாம் ஏறி, பயந்துட்டா. இன்னும் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பேன். ஆனா அவ வேலை பார்க்கிற கடை இல்லையா? நாளைக்கு முதலாளி ஏதாவது சொல்லிடப் போறான்னு பெருந்தன்மையா விட்டுட்டேன்."

நிருபர் எழுதிக்கொண்டார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, இவர் அந்த மண்ணை எடுத்து என் தலையில் அல்லவா போடுகிறார்! கையில் இருந்த கம்பியை அவர் கழுத்தில் சுற்றினால் என்ன என்றுகூடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

செஸ் ஆட்டக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் அதே பலகையில் மறுபடி உட்கார்ந்து அலசுவார்கள். நீ இதை ஆடியிருந்தால் நான் அதை ஆடியிருப்பேன் என்று, ஆடும்போது மறைத்ததையெல்லாம் அப்போது திறந்து சொல்லிவிடுவார்கள். அலசலில் பொய் சொல்கிறவன் ஆட்டக்காரனே இல்லை என்பது என் கணவரின் கொள்கை. வீடு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜைமேல் பலகையை விரித்தார்.

"கம்ப்யூட்டர் இங்க இல்லையே, யாரோட அலசறது?" என்று அலுத்துக்கொண்டார்.

"என்னோட" என்று எதிரே உட்கார்ந்தேன்.

சிரித்தார். காய்களை அந்தக் கடைசி நிலைக்கு அடுக்கினார். "சரி, மெஷின் இங்க என்ன ஆடியிருக்கும்? என்ன ஆடினாலும் எனக்குத்தான் நல்லது."

நான் மூலை யானையை எடுத்து ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.

முதலில் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு ராணியைத் தொட்டார். கையை எடுத்தார். மறுபடி தொட்டார். காது சிவந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை மெஷின் பார்த்துச்சா?"

"பார்த்துச்சு."

"நீ?"

"நானும்தான்."

"அப்புறம் ஏன் ட்ராவுக்கு ஒத்துக்கிட்டே?"

"உங்க காது சிவந்திருந்துச்சு. பார்க்கச் சகிக்கல."

அவர் கை தானாகக் காதுக்குப் போனது. நான் நிறுத்தவில்லை, இன்று நிறுத்தினால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. "அலசல்ல உண்மையைத்தானே சொல்லணும்? என் முகத்துல நீங்க பார்த்தது மெஷினோட பயம் இல்லைங்க. கடைக்குப் புதுசா கிளை திறக்கிறாங்க, வேற ஊர்ல. என்னைப் பொறுப்புக்குக் கூப்பிடறாங்க. வீட்டுல மூணு தடவை சொன்னேன். இன்னைக்குக் காலையிலிருந்து உங்க எதிரிலேயே உட்கார்ந்து சொல்லிட்டிருந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சது என் புருவம் மட்டும்தான்."

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் இரு. ராணியைக் கொடுத்துட்டு ரெண்டு யானையை வாங்கினா சமாளிக்கலாமான்னு பார்க்கிறேன்."

இனி காத்திருக்க ஒன்றும் இல்லை. எழுந்து போய் முதலாளிக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றேன். "சந்தோஷம் அக்கா! மாஸ்டர் என்ன சொன்னாரு?" என்றான். "யோசிச்சிட்டிருக்காரு" என்று வைத்துவிட்டு, சமையலறையில் அரிசியைக் களைய உட்கார்ந்தேன். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ள முடியாமல் கை ஈரமாக இருந்தது.

நெடுநேரம் கழித்து வாசற்படியில் வந்து நின்றார். கையில் அந்த ராணி.

"சமாளிக்க முடியாது" என்றார். "எல்லா வழியும் பார்த்துட்டேன். நான் தோத்துட்டேன்."

"பேப்பர்ல ட்ரான்னுதான் வரும். கவலைப்படாதீங்க."

அவர் போகவில்லை. கண்ணாடி இல்லாமல் நின்றார். அது இல்லாவிட்டால் அவருக்கு நான் சரியாகத் தெரியக்கூட மாட்டேன். இருந்தும் என் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். ராணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"எப்பக் கிளம்பணும்?"

"அடுத்த மாசம்."

"ம்" என்றார். இந்த "ம்" எனக்குச் சொன்னதுதான், கூட வேறு யாரும் இல்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "அந்த ஊர்ல செஸ் கிளப் இருக்கா?"

காய்களைப் பெட்டியில் போட்டு மூடுகிற ஆளா இவர்! எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. அந்த ஊரில் கிளப் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம், மாடியில், காற்றோட்டமான அறை, வெளியூர் ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முதலாளி கிளையைப் பற்றிச் சொன்ன மறுநாளே, வாடகை வீட்டைப் பற்றிக்கூடக் கேட்பதற்கு முன்னால், நான் விசாரித்து வைத்துவிட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? போய் விசாரிங்க" என்றேன்.